பானைக்கு முன்னால் ஒரு வாய்

ஏரிக்கரையில் மூங்கிலும் கண்ணாடியுமாகக் கட்டியிருந்த அந்த ஓட்டலுக்குக் ‘கொல்லை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜவ்வாதுமலையில் கொல்லை என்றால் சாமையும் கேழ்வரகும் விளைகிற நிலம். கீழே போளூர்ப் பக்கம் ஒருவன் கொல்லைக்குப் போகிறேன் என்றால் அவன் கையில் சொம்பு இருக்கும். பெயர்ப்பலகையைப் படித்த புவனா கார் கதவைக்கூடச் சாத்தாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“யார்டி வெச்சது இந்தப் பேர? சாப்பிடக் கூப்ட்டு இன்னா பேரு வெச்சிருக்காங்க பாரு!”

“மெதுவா சிரி, உள்ள கேக்கப்போவுது,” என்றாள் ஈஸ்வரி. அவளுக்கும் சிரிப்புதான். ஆனாலும் இது அவள் பிறந்த மலை. இதைக் கேலி செய்வதாக இருந்தால் தான்தான் முதலில் செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஒரு எண்ணம் உண்டு.

ஈஸ்வரி, புவனா, வெண்ணிலா மூவரும் போளூரில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டீச்சர்கள். வெண்ணிலாவுக்கு அரசு வேலை கிடைத்துவிட்டது, தெற்கே எங்கேயோ கடலோரத்து ஊரில். பொங்கல் முடிந்ததும் கிளம்புகிறாள். அவளுக்கு ஒரு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று பேச்சு வந்தபோது, மலைமேல் இருக்கும் இந்த ஏரிக்கரை ஓட்டலை வெண்ணிலாவேதான் சொன்னாள். சுற்றியிருக்கிற ஊர்க் கொல்லைகளில் அன்றைக்குப் பறித்ததையே அன்றைக்குச் சமைக்கிறார்களாம். யார் நிலத்தில் விளைந்தது என்பதைப் பலகையில் எழுதி வேறு வைக்கிறார்களாம். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் கட்டிக்கொண்டு வருகிறார்களாம். சாமைச் சோறு தின்பதற்கு இவ்வளவு தூரம் வருகிற ஜனங்களை நினைத்தால் ஈஸ்வரிக்கு வேடிக்கையாக இருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் சாமைச் சோற்றுத் தூக்குச்சட்டியை மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல் திறந்தவள் அவள்.

ஏரிக்கு அந்தப் பக்கம், மேட்டுக்குப் பின்னால்தான் அவளுடைய ஊர் நெல்லிமரத்தூர். படிக்க இறங்கியவளுக்கு வேலையும் கல்யாணமும் கீழேயே அமைந்துவிட்டன. வருவதை வீட்டில் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டு சிநேகிதிகளையும் கூட்டிக்கொண்டு திடுதிப்பென்று போய் நின்றால் அப்பா முகம் எப்படி ஆகும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள்.

தண்ணீருக்கு மேல் பலகை பாவி மேசைகள் போட்டிருந்தார்கள். மார்கழிப் பனி உச்சிவேளை ஆகியும் முழுசாக விலகவில்லை. கரும்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் அன்றைய சமையல் எழுதியிருந்தது. கீரை, புதூர்நாடு முனிசாமி. மூன்றாவது வரியை வெண்ணிலாதான் சத்தமாகப் படித்தாள்.

“சாமை, நெல்லிமரத்தூர் கோபால்சாமி. ஈஸு, இது உங்கப்பா பேருதான?”

ஈஸ்வரி எழுந்து பலகைக்குப் பக்கத்திலேயே போய் நின்று பார்த்தாள். அப்பாவின் பெயர்தான். தம்பி வெற்றிச்செல்வன் இந்த ஓட்டலுக்குக் கீரையும் பூசணியும் கொடுக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். சாமையும் கொடுக்கிறான் என்றோ, அதற்கு அப்பா பெயரைப் பலகையில் போடுவார்கள் என்றோ தெரியாது. ரேஷன் கார்டையும் பட்டாவையும் தவிர எங்கும் எழுதப்படாத பெயர். கண்ணாடிக் கோப்பையும் வெள்ளைத் துணியுமாக இருக்கிற இடத்தில் அதை அவள் எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள்.

“அப்போ இன்னிக்கி நாம திங்கறது உங்க வூட்டு சோறு!” என்று புவனா கை தட்டினாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓட்டல் முதலாளி, காதில் ஒற்றைக் கடுக்கன் போட்ட இளைஞன், ஓடி வந்து கை கொடுத்தான். கோபால்சாமி ஐயா மகளா, சொல்லவே இல்லையே மேடம், என்றான். ஈஸ்வரிக்குக் கால் தரையில் படவில்லை.

மந்தாரை இலையில் சாப்பாடு வந்தது. ஆவி பறக்கிற சாமைச் சோறு, கொள்ளு ரசம், கீரை மசியல், பூசணிக்காய்ப் பொரியல், ஏரி மீன் குழம்பு. மார்கழியில் மீன் வேண்டாமென்று வெண்ணிலா குழம்பைத் தள்ளி வைத்தாள். புவனா செல்போனை எடுத்து நேராக நீட்டினாள்.

“மொத வாய் நீ சாப்டு. சாப்ட்டு எப்டி இருக்குன்னு சொல்லு. நான் வீடியோ எடுக்கறேன்.”

ஈஸ்வரி வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்துப் போட்டாள். போட்டதுமே தெரிந்துவிட்டது. பழைய சாமை உதிரி உதிரியாக நிற்கும், மெல்ல மெல்லத்தான் ருசி வரும். இது விரலிலேயே ஒட்டியது. நாக்கில் இனிப்பு. அதோடு அறுத்த கதிரின் பச்சை வாசனை.

“ஐயோ, புதுசுடி!” என்றாள். “இந்த வருஷத்து சாமை. அறுத்து மாசம்கூட ஆவலை. எங்க மேட்டுக்கொல்லை சாமைதான் இப்டி ஒட்டும். நான் கண்ண மூடிக்கினு சொல்வேன்.”

“செம! அப்டியே இன்னொரு வாட்டி சொல்லு, காத்து சத்தம் ஜாஸ்தியா கீது.”

ஈஸ்வரி இன்னொரு தடவையும் சொன்னாள். இந்தத் தடவை அப்பா பெயரையும் ஊர்ப் பெயரையும் சேர்த்து, முதல் தடவையை விடத் தெளிவாக, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

அவள் நான்காவது வாயோ ஐந்தாவது வாயோ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெண்ணிலா கேட்டாள்.

“அப்போ உங்க ஊர்ல படையல் முடிஞ்சிருச்சா? போன வருஷம் எங்கள கூப்ட்ட, இந்த வருஷம் சொல்லவே இல்ல?”

ஈஸ்வரியின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

நெல்லிமரத்தூரில் கதிர் அறுத்து வீட்டில் கொண்டுவந்து கொட்டினாலும் புதுச் சாமையை யாரும் வாயில் வைப்பதில்லை. கார்த்திகையில் ஒரு நாள் பார்த்து, அம்மன் கோயில் முன்னால் புதுப்பானை வைத்து, புதுச் சாமை பொங்கி, அம்மனுக்குப் படைத்த பிறகுதான் ஊர் சாப்பிடும். அந்த முதல் பானையை வைக்கிற வீடு ஒன்றே ஒன்று. அது கோபால்சாமி வீடு. அவருடைய அப்பா வைத்தார், அதற்கு முந்தியவரும் வைத்தார். படையலுக்கு முன்னால் பானைக்கார வீட்டுத் தானியம் வெளியே போனால் பானை அந்த வீட்டை விட்டுப் போய்விடும். பிறகு திரும்பி வராது. தெரிந்தோ தெரியாமலோ முன்னால் வாய் வைத்தவர்கள் அந்த வருஷம் படையலில் நிற்கக் கூடாது.

போன வருஷம் புவனாவும் வெண்ணிலாவும் வந்து பார்த்தார்கள். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, யாரோடும் பேசாமல், அடுப்பு மூட்டுகிற அப்பாவைப் பார்த்து, “உங்கப்பா அன்னிக்கி ராஜா மாதிரி இருந்தார்டி” என்று புவனா ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் கார்த்திகையில், ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் தீர்த்தகிரியின் தாயார் குப்பம்மாள் செத்துப்போனாள். ஊருக்கே தீட்டு. படையலைத் தை மாதத்துக்குத் தள்ளி வைத்திருப்பதாகத் தம்பி போனில் சொன்னான். அன்றைக்கு ஈஸ்வரி அரையாண்டுப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஊம் ஊம் என்று கேட்டுக்கொண்டாள். அதோடு சரி. கார்த்திகை போய் மார்கழி வந்துவிட்டது, படையல் முடிந்திருக்கும் என்று மனசு பாட்டுக்கு நினைத்துக்கொண்டது. பிறந்து வளர்ந்த ஊரில் இன்னும் பானை வைக்கவில்லை என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

“புவனா, அந்த வீடியோவ அழிச்சிடு.”

“எது? ஏன்டி, சூப்பரா வந்துருக்கு.”

“அழிச்சிடுன்றேன்ல!”

அவள் குரலைக் கேட்டு புவனா பயந்துபோனாள். “நான் அப்பவே ஸ்டோரி போட்டுட்டேனே ஈஸு. ஓட்டல் பேர்ல டேக் பண்ணேன். அவுங்களும் உடனே அவுங்க பேஜ்ல போட்டுட்டாங்க.”

ஈஸ்வரி சோற்றுக் கையோடு முதலாளியிடம் ஓடினாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. நல்லதாகத்தானே சொல்லியிருக்கிறீர்கள் மேடம், நாளைக்கு அதுவாகவே போய்விடும், என்றான். அவள் கெஞ்சிய கெஞ்சலைப் பார்த்து அழித்துவிட்டான். புவனாவும் தன்னுடையதை அழித்தாள். அழித்து என்ன பண்ண? ஓட்டலின் இணையப் பக்கத்தில் தினமும் ஏதாவது ஒரு கொல்லையும் யாராவது ஒருவரின் முகமும் வரும். அதற்காகவே நெல்லிமரத்தூர்ப் பையன்கள் பாதிப்பேர் அதைப் பார்க்கிறவர்கள். வாயில் போட்டாயிற்று, இனிமேல் துப்பியும் பிரயோஜனமில்லை.

அவள் செல்போன் அடித்தது. வெற்றிச்செல்வன்.

“அக்கா, அங்கியே இரு. தோ வர்றேன்.”

கை கழுவிக்கொண்டு ஈஸ்வரி ஏரிக்கு இறங்குகிற படிக்கட்டில் போய் நின்றாள். தம்பி பைக்கைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடி வந்தான். முப்பது வயசு ஆள். முகம் செத்துப்போயிருந்தது.

“ஏன்க்கா அப்டி சொன்ன?”

“நீ ஏன்டா குடுத்த? அத மொதல்ல சொல்லு.”

“ஆடி மாசமே பேசி வெச்சது. மார்கழி சீசனுக்குப் புதுச் சாமை வேணும், உங்களால முடியலன்னா ஆலங்காயம் பக்கம் சொல்லிக்கிறோம்னாங்க. கார்த்திகையில படையல் முடிஞ்சிரும்னு ஒத்துக்கினேன். கெழவி சாவும்னு நான் கண்டனா?”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா வுடுவாரா? பழைய சாமை மூட்ட ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, அதத்தான் குடுத்தேன்னு நெனச்சினு கீறாரு. பாத்திரம் கழுவ நம்ம ஊருப் பொம்பளைங்க ரெண்டு பேரு கீறாங்க, அவுங்ககிட்டியும் பழசுன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். பலகையிலகூட புதுசுன்னு எழுத வேணாம்னுட்டேன். அப்பா பேர மட்டும் போடுங்கன்னேன். அவரு பேரு இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு.” அவன் குரல் உடைந்தது. “ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதுக்கா. நீ சொல்லலைன்னா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.”

ஈஸ்வரிக்கு அவனை அங்கேயே ஓங்கி ஒன்று விட வேண்டும் போலிருந்தது. கூடவே, அவன் சொல்வது உண்மை என்பதும் உறைத்தது. அந்த இடத்தில் அதைத் தின்று பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் கோபால்சாமியின் மகள். அந்த மகள்தான் ஊருக்கே கேட்கிற மாதிரி இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள்.

“இப்போ ஊர்ல இன்னா நடக்குது?”

“தீர்த்தகிரி மாமா வூட்டாண்ட கும்பலா நின்னுனு கீறாங்க. அப்பாவ கூப்ட்டு வுட்டாங்க. வீடியோவ யாரோ புடிச்சி வெச்சிருக்கான். போட்டுப் போட்டுக் காட்றான்.” அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “அக்கா, உன்னத்தான் கேப்பாங்க. பழசுன்னு சொல்லிடுக்கா. உன் பேச்ச நம்புவாங்க.”

“பானை அப்பாது. அவருகிட்ட பொய் சொல்லச் சொல்றியா?”

“நெஜத்த சொன்னா பானை போய்டும். அதுக்கப்புறம் அவரு இருக்க மாட்டாருக்கா.”

அப்பாவுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் அந்த நாள். மற்ற நாளெல்லாம் அவரும் எல்லோரையும் போலப் புளி உலுக்கி, ஜீப்புக்குக் காத்திருந்து, ரேஷன் வரிசையில் நிற்கிறவர்தான்.

போன் அடித்தது. ஊர்க்கவுண்டர் எண். ஈஸ்வரி எடுத்தாள்.

“ஈஸ்வரியா? நான் தீர்த்தகிரி பேசறேம்மா. உங்கப்பா பக்கத்துலதான் கீறாரு. எல்லாரும் கேக்கட்டும்னு சத்தமா போட்டிருக்கேன். நீ இன்னாமோ புதுச் சாமை துன்னேன்னு சொன்னியாமே. நெஜமா?”

தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்திலிருந்து பலபேருடைய மூச்சும் ஒரு கோழி கொக்கரிப்பும் கேட்டன. அப்பாவின் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

“புதுசெல்லாம் இல்ல மாமா,” என்றாள். “பழசுதான். இப்பதான் வெற்றி வந்து சொன்னான். நான் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி பெருமைக்கு எதையோ சொல்லிட்டேன்.”

“மேட்டுக்கொல்லை சாமை, கண்ண மூடிக்கினு சொல்வேன்னியே?”

“எனக்கு இன்னா மாமா தெரியும்? கீழ பொன்னி அரிசி துன்னு துன்னு நாக்கே செத்துப்போச்சி. சூடா இருந்துச்சி, ஒட்டுச்சி, புதுசுன்னுட்டேன்.”

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். டவுனுக்குப் போனவளுக்குச் சாமைக்கும் ரவைக்கும் வித்தியாசம் தெரியலையாம், என்று ஒரு பெண் குரல் சொன்னது. இன்னும் பலபேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கும்பல் கலைகிறது என்பது ஈஸ்வரிக்குப் புரிந்தது. நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவமானத்தில் காது மடல் எரிந்தது. எட்டு வயசிலிருந்து கொல்லையில் களை பறித்தவள், கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பார்த்தவள், எனக்குத் தெரியாது என்று தன் வாயாலேயே ஊர் முன்னால் சொல்லியாயிற்று.

அப்போதுதான் அப்பா பேசினார். அவளிடம் இல்லை, ஊரிடம்.

“அவ கீழ போயி ரொம்ப வருஷம் ஆவுது. அவளுக்குத் தெரியாது. வுடுங்கப்பா.”

அழைப்பு நின்றது. வெற்றிச்செல்வன் படியிலேயே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். அழுகிறானா, வியர்வையா என்று தெரியவில்லை. மேலே மேசையிலிருந்து புவனாவும் வெண்ணிலாவும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுமில்லை என்று ஈஸ்வரி கையை ஆட்டினாள்.

அவள் நாலு படி ஏறியிருப்பாள், மறுபடியும் போன். இந்தத் தடவை அப்பாவின் எண். அவருடைய பட்டன் போன். எதிர்முனையில் ஆள் சத்தமில்லை, காற்றுச் சத்தம்தான். ஊரை விட்டுத் தள்ளி எங்கோ நின்று பேசுகிறார்.

“சாப்ட்டாச்சா?”

“ஆச்சிப்பா.”

“உன் கூட வந்தவங்கள்ளாம்?”

“அவுங்களும் சாப்ட்டாங்கப்பா.”

“வூட்டுக்கு வர்றதா இருந்தியா?”

“ஆமாப்பா. சொல்லாம வந்து நிக்கலாம்னு இருந்தோம்.”

“வாங்க. காப்பி வெக்கச் சொல்றேன்.” வைத்துவிட்டாரோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். இன்னும் இருந்தார். “தையில படையலுக்கு மட்டும் நீ வராதம்மா.”

“சரிப்பா,” என்றாள்.

அவர் வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் அவளுக்குத் தான் சொன்னது என்ன என்று விளங்கியது. பழைய சாமை தின்றவள், ஏன்ப்பா வரக் கூடாது என்றல்லவா கேட்டிருக்க வேண்டும்? கேட்டிருந்தால் அவர் பொய்யையே நிஜமென்று எடுத்துக்கொண்டு போயிருப்பார். அவள் கேட்கவில்லை. வாய் தானாக ஒத்துக்கொண்டுவிட்டது. இனி தை மாதம் அவர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, யாரோடும் பேசாமல் அடுப்பு மூட்டுவார். எல்லாம் தெரிந்தே மூட்டுவார். வாய் வைத்த மகளை மட்டும் அம்மன் முன்னால் நிற்காமல் தடுத்துவிட்டார். பானையை விட்டுக்கொடுக்க அவராலும் முடியவில்லை. அவரை அப்படி ஒரு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது தன்னுடைய பெருமைதான். ஈஸ்வரி போனைப் பைக்குள் போட்டுவிட்டு மிச்சப் படிகளை ஏறினாள்.

தம்பி பின்னாலேயே ஏறி வந்தான்.

“அப்பாவா? இன்னாக்கா சொன்னாரு?”

“காப்பிக்கு வரச் சொன்னாரு.”

அவன் முகத்தில் இரத்தம் திரும்பி வருவது தெரிந்தது. சின்ன வயசில் மாட்டைக் கொல்லையில் மேயவிட்டுவிட்டு அடி வாங்காமல் தப்பித்த நாளில் எப்படி இருப்பானோ அப்படி இருந்தான்.

“அப்போ நம்பிட்டாரு.”

ஈஸ்வரி அவனை ஒரு நிமிஷம் பார்த்தாள். தை மாதம் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று விறகு தள்ளப்போகிறவன் இவன்தான்.

“நம்பிட்டாருடா,” என்று சொல்லிவிட்டு சிநேகிதிகள் இருந்த மேசைக்குப் போனாள்.